காலி வீதிச் சென்றிக்கு ஒரு புளோ சாட்

கரண்ட் இல்லாமலே கம்பியூட்டர் படிப்பிக்கலாம் என்று வெள்ளவத்தைக்குக் காட்டியவர் தாஸிம்தான். மழை பொய்த்து, நீர்த்தேக்கமெல்லாம் வற்றி, பகலில் பாதி கரண்ட் வெட்டாகவே போன வருசம் அது. சண்டை ஒரு பக்கம், இருட்டு ஒரு பக்கம். காலி வீதியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் அவர் நடத்திய சென்ரரில் இருந்த மெசின்கள் பழைய பெட்ஷீட்டால் போர்த்தபடி கிடந்தன. ஆனால் சேர்ந்த ஆட்களைத் திருப்பி அனுப்ப தாஸிமுக்கு மனம் வரவில்லை. படிப்பிக்க வந்த நேசமலரைக் கூப்பிட்டு, கரண்ட் ஒழுங்காகும்வரைக்கும் புளோ சாட்டையே இழுத்துப் பிடியுங்கள் மிஸ், அதுக்குச் சோக்குத் துண்டு ஒன்று போதுமே என்று சொல்லிவிட்டார்.

புளோ சாட் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கம்பியூட்டருக்குச் சொந்தப் புத்தி கிடையாது, அடியடியாகச் சொன்னால்தான் செய்யும். அந்த அடிகளைப் பெட்டி பெட்டியாகக் கீறி அம்புக்குறியால் தொடுத்துவிட்டால் அதுதான் புளோ சாட். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரு முட்டை, செய்கிற வேலைக்கு நீள்சதுரம், கேட்கிற கேள்விக்குச் சாய்சதுரம். சாய்சதுரத்துக்குள் போனால் வெளியே வர ஓம் என்று ஒரு வழி, இல்லை என்று ஒரு வழி. மூன்றாவது வழி கிடையாது.

வகுப்பில் இருந்தவர்களை நினைத்தால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். பாதிப் பேர் ஐம்பது கடந்தவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜ்களில் அறை எடுத்து, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பப் போகும் விசாவுக்காகக் காத்துக் கிடந்தவர்கள். கொழும்பில் என்ன வேலை என்று பொலிஸ் கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டும். கம்பியூட்டர் வகுப்பு என்று ஒரு அட்டை கையில் இருந்தால் அது காரணம். மெசினை வாழ்நாளில் தொடப்போகாதவர்கள் எல்லாம் அதற்காகவே கொப்பியும் பென்சிலுமாக மாடி ஏறினார்கள். காலத்தின் கோலம் வேறென்ன.

தேத்தண்ணி போடுவதற்கு நேசமலர் முதல் சாட்டைக் கீறினாள். சீனி இருக்கிறதா என்ற சாய்சதுரம் வந்ததும் வகுப்பு குழம்பிவிட்டது. கோப்பாயில் தபாலதிபராக இருந்து இளைப்பாறிய சரோஜினிதேவி, வீட்டுக்கு வந்த ஆளிடம் சீனி இல்லை என்று எந்த மானமுள்ள மனுசியும் சொல்லமாட்டாள் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவருடைய கொப்பியில் ‘இல்லை’ என்ற அம்பு தாளின் ஓரம்வரை ஓடி, மதிலால் பக்கத்து வீட்டுக்குப் போய், ஒரு சிரங்கை சீனியோடு ‘ஓம்’ பக்கத்துக்கே திரும்பி வந்தது. நிலஅளவைக் கந்தோரில் படம் கீறி ஓய்ந்த கனகசபாபதியோ, அடிமட்டம் வைத்துப் பெட்டிகளை அச்சில் வார்த்த மாதிரிக் கீறினார், உள்ளே என்ன எழுதுவது என்று மட்டும் தெரியாமல் வெறுமையாக விட்டார். இவர்களை வைத்துக்கொண்டு மாரடிப்பதாக நேசமலர் வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வீட்டில் இருந்த ஆள்தான் அவளுடைய முழுக் கவலையும். நாகேந்திரம், அவள் புருசன். சுன்னாகத்தில் சங்கக்கடை மனேஜராக இருந்தவன். வவுனியாவில் மாதக்கணக்காகக் கிடந்து பயணப் பாஸ் எடுத்து வந்து சேர்ந்தவன். கலியாணம் முடித்த கையோடு பாதை பூட்டுப்பட்டு அவள் இங்கே, அவன் அங்கே என்று கிடந்தவர்கள். இப்போதுதான் ஒரு கூரைக்குக் கீழே சோறு தின்னுகிறார்கள். நல்ல மனிசன், அதுதான் அவனுடைய வருத்தமே. கேட்டவருக்கு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை. சிங்களத்தில் அவனுக்குத் தெரிந்தது ‘ஓவ்’, அதாவது ஓம், அந்த ஒரு சொல்தான். வந்த புதிதில் காலி வீதிச் சென்றியில், ஆட்களை மறித்துச் சோதிக்கிற அந்தக் காவலரணில், பொலிஸ்காரன் ஒருவன் பகிடியும் வெருட்டலுமாக, நீ கொட்டியாவா, புலியா என்று கேட்டிருக்கிறான். நாகேந்திரம் பணிவாகத் தலையைக் குனிந்து ஓவ் என்றான்.

அன்றைக்குத் தாஸிம் ஓடிப்போய், கிராண்ட்பாஸ் தெருக்களில் பழகிய தன் சிங்களத்தில் கும்பிட்டு மன்றாடி, மறுநாள் ஆளை வெளியே எடுத்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு நாகேந்திரம் செருப்பைக் காலில் மாட்டும்போதெல்லாம் நேசமலர் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். கொள்ளுப்பிட்டியில் ஒரு இரும்புக்கடையில் கணக்குப் பார்க்கப் போய் வந்தான். போக ஒரு சென்றி, வர ஒரு சென்றி. அடுத்த முறை கேட்கிறவன் சிரிக்கிறவனாக இருக்க வேண்டுமென்று என்ன கட்டாயம்? இவனை விட்டால் எனக்கு ஆரும் இல்லை என்று அவள் குசினியில் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அது கூட்டிச் சொல்கிற கதையில்லை, உண்மையிலேயே இல்லை.

சிங்களம் படிப்பித்துப் பார்த்தாள். கல்லில் நார் உரிக்கிற வேலை. இரவு படித்தது விடிய மறந்துபோகும், சென்றியைக் கண்டால் மறக்காததும் மறந்துபோகும். ஒருநாள் வகுப்பில் நிற்கும்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இவருக்கு ஏன் விளங்க வேண்டும்? மெசினுக்கும்தான் ஒன்றும் விளங்குவதில்லை. கேள்வியில் ஒரே ஒரு சொல்லைப் பிடித்தால் போதும். ‘அய்டென்டி’ என்று காதில் விழுந்ததா? ஓம் என்றால் அடையாள அட்டையை நீட்டு. இல்லையென்றால் அடுத்த பெட்டி. ‘பதிஞ்சி’ என்று விழுந்ததா? ஓம் என்றால் பொலிஸ் பதிவுத் தாளை நீட்டு. ‘கொஹெத’, எங்கே போகிறாய் என்று விழுந்ததா? ஓம் என்றால் மனப்பாடமாக ஒரு வசனம். ஒன்றுமே இல்லையென்றால் கடைசிப் பெட்டி, எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் தெரியும் சேர்.

வசனங்களைத் தாஸிம் சிங்களத்தில் அமைத்துக் கொடுத்தார். நல்ல மரியாதையான, பள்ளிக்கூடப் புத்தகச் சிங்களம். ‘மம கொம்பியூட்டர் பந்தியட்ட யனவா சேர். பந்திய இவற உனாம கெலின்ம கெதற யனவா.’ நான் கம்பியூட்டர் வகுப்புக்குப் போகிறேன் சேர், வகுப்பு முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போவேன். நாகேந்திரத்தின் பெயரிலும் சென்ரரில் ஒரு அட்டை இருந்தபடியால் அது பொய்யுமில்லை.

புருசனுக்கென்று போட்ட சாட்டை அவள் வகுப்புப் பலகையிலும் கீறினாள். அவ்வளவுதான். தேத்தண்ணியில் விளங்காதது சென்றியில் விளங்கிற்று. சாய்சதுரம் என்றால் என்னவென்று ஒருவரும் பிறகு கேட்கவில்லை, ஒவ்வொருவரும் நாளாந்தம் அதற்குள் நின்று வெந்தவர்கள்தானே. கனகசபாபதி வெறும் பெட்டிகளையெல்லாம் நிரப்பினார். சரோஜினிதேவியின் ‘இல்லை’ மதில் தாண்டவில்லை. நேசமலர் டஸ்டரைக் கையில் பிடித்துப் பொலிஸ்காரனாக நிற்க, ஒவ்வொருவராக வரிசையில் வந்து பதில் சொல்லிப் போனார்கள். வீட்டுக்குத் தாள் கொண்டுபோக விடவில்லை. எல்லாம் தலைக்குள், பலகை துடைத்தாயிற்று.

“ஆர் கேட்டாலும், ஆர் சொன்னாலும், ஒரு கேள்விக்கு ஒரே பதில்தான் வரவேணும்,” என்று அவள் சொன்னாள். “ஆளுக்கு ஆள் மாறினால் அது புளோ சாட் இல்லை.”

புத்திசாலிகள் விடுகிற பிழைக்கு ஒரு தனி மினுக்கம் உண்டு. அந்த மினுக்கத்தில் அங்கே இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள், தாஸிம் உட்பட.

நாகேந்திரம் சென்றியைக் கடந்து வந்த முதல்நாள் வீட்டுக்குள் சிரித்தபடி நுழைந்தான். ஒரு தடக்கலும் இல்லை, பொலிஸ்காரன் சரி என்று கையைக் காட்டிவிட்டான் என்றான். அன்றைக்கு நேசமலர் சந்தையில் நல்ல பாரை மீன் வாங்கிச் சமைத்தாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், இவனுக்கு வாயை அவள் செய்துகொடுத்திருந்தாள். அந்தப் பெருமை அவளுக்கு இருந்ததென்றால் அதிலென்ன குற்றம்?

நல்ல சங்கதி ஒளித்து வைத்தாலும் நிற்காது. வகுப்பிலிருந்து லொட்ஜுக்கு, லொட்ஜிலிருந்து கடற்கரைப் பக்க ஒழுங்கைகளுக்கு என்று அது வாய்வழியாகப் போயிற்று. கனகசபாபதி கொட்டாஞ்சேனைக்குக் கோயிலுக்குப் போகிற இடத்தில் அங்கே லொட்ஜில் இருந்த வின்சன்ற் என்ற மன்னார் ஆளுக்கும் சொல்லிக்கொடுத்தார். படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொன்னார்கள். கம்பியூட்டரைக் கண்ணால் காணாதவர்களும் கம்பியூட்டர் வகுப்புக்குப் போகிறேன் என்றார்கள். கையில் மரக்கறிக் கூடையோடு சொன்னார்கள், வேட்டி கட்டித் திருநீறு பூசியும் சொன்னார்கள். ஒரு சொல்லைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை, மாற்றினால் எங்கே பிழைத்துவிடுமோ என்ற பயம்.

சென்றியில் நிற்கிறவனுக்கும் காது இருக்கிறது என்பதைத்தான் ஒருவரும் யோசிக்கவில்லை.

அது ஒரு திங்கட்கிழமைக் காலை. கரண்ட் வெட்டில் கடைகளெல்லாம் ஜெனரேற்றரை உறுமவிட்டிருந்தன. நேசமலர் பலகையில் புதிதாக ஒரு சாட் கீறிக்கொண்டிருக்கும்போது சரோஜினிதேவி மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். வாங்கில் குந்தியும் சொல்ல முடியாமல் கையை நெஞ்சில் வைத்தபடி கிடந்து, பிறகு சொன்னார். பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கி வரிசையில் விட்டிருக்கிறார்கள். வரிசையில் நாலைந்து பேர் அடுத்தடுத்து ஒரே வசனத்தைச் சொல்லியிருக்கிறார்கள். பொலிஸ் சார்ஜன் கையை உயர்த்தி நிற்பாட்டியிருக்கிறான். அடுத்ததாக நின்றது நாகேந்திரம். அவனும் சொன்னான். உங்களுக்கெல்லாம் இதைப் பழக்கினது ஆர் என்று சார்ஜன் கேட்டிருக்கிறான். அந்தக் கேள்விக்குச் சாட்டில் பெட்டி இல்லை. நாகேந்திரம் கடைசிப் பெட்டிக்குப் போனான். எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் தெரியும் சேர் என்று அட்சரம் பிசகாத சிங்களத்தில் சொன்னான். மறுபடியும் கேட்டார்கள், மறுபடியும் அதையே சொன்னான். கன்னத்தில் அடித்துக் கேட்டபோதும் அதையே சொன்னான்.

“அவர் வேறை ஒண்டுமே சொல்லேல்லை, ரீச்சர்,” என்றார் சரோஜினிதேவி. “ஜீப்பிலை ஏத்தேக்கையும் அதைத்தான் சொல்லிக்கொண்டு போனவர்.”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பது பழைய கதை. இந்தப் பூதத்தை அவள் பாலும் சோறும் ஊட்டி வளர்த்திருந்தாள். தாஸிமும் அவளும் திரீவீலர் பிடித்து ஸ்டேசனுக்குப் போனார்கள். இந்த முறை தாஸிமின் சிங்களம் வாசலோடு நின்றுவிட்டது. இது பழைய மாதிரியான விசயமில்லை என்றான் காவலில் நின்றவன். பயிற்சி எடுத்த ஆட்கள், எல்லாரும் ஒரே வாயால் கதைக்கிறார்கள், பயிற்சி கொடுத்தவன் ஒருவன் இருக்கிறான். பின்னேரம் மேலிடத்துக்கு அனுப்புகிறோம், அங்கே சொல்லுவான்.

மேலிடத்துக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர்களை நேசமலருக்குத் தெரியாது. போனவர்களைத் தெரியும்.

தாஸிம் அவளை மதிலோரம் கூட்டிப்போய் மெல்லக் கதைத்தார். “மிஸ், உள்ளுக்குப் போய் நீங்க ஒண்டும் செல்லாதீங்க. லோயர் ஒருத்தரைப் பிடிச்சித் தாறேன். நாளைக்கு வரைக்கும் பொறுங்க.” பின்னேரத்துக்கும் நாளைக்கும் நடுவில் என்னவெல்லாம் செய்வார்கள் என்று அவள் நினைத்தாள், நினைக்கக்கூடாததையெல்லாம் நினைத்தாள். தாஸிமின் கையை உதறிவிட்டு வாசலுக்குப் போய், பழக்கினது நான்தான் என்று சிங்களத்தில் சொன்னாள். காவல்காரன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே விட்டான்.

உள்ளே இருந்த இன்ஸ்பெக்டர் இளம் ஆள். சத்தம் போடவில்லை, நாற்காலியைக்கூடக் காட்டினான். அவள் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். கரண்ட் வெட்டு, வகுப்பு, புருசன் ஓவ் சொன்னது, பயந்த சனம், சாட். சாட் என்றதும் அவன் நிமிர்ந்தான். நுகேகொடையில் பின்னேரங்களில் அவனும் கம்பியூட்டர் படித்துக்கொண்டிருந்தானாம். ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் அவள் பக்கம் தள்ளிக் கீறச் சொன்னான். அப்போதுகூட அவளுக்கு நம்பிக்கை வந்ததே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. படித்தவன், பார்த்தால் விளங்கும், விட்டுவிடுவான் என்று நினைத்தாள்.

அவனுக்கு விளங்கத்தான் செய்தது. பாதி கீறும்போதே அவன் அமைதியாகச் சொன்னான். இந்தத் தாளை எல்லாச் சென்றிக்கும் பிரதி எடுத்து அனுப்பப் போகிறேன். இப்படிப் பதில் சொல்கிறவன் எவனாக இருந்தாலும் இறக்கி விசாரிக்கச் சொல்வேன். ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்குப் பாடமாக்கிய பதில் எதற்கு? தாள் மேசையில் இருந்தால் உன் புருசன் இப்போதே போகலாம், பழக்கினவள் நீ ஒரு ரீச்சர் என்று எழுதி முடித்துவிடுகிறேன். தாள் இல்லையென்றால் எனக்கு அவன்தான் தாள்.

நேசமலரின் கை நின்றது. சரோஜினிதேவியின் முகம் வந்தது, கனகசபாபதியின் அடிமட்டம் வந்தது, பெயர் தெரியாத ஒழுங்கைச் சனம் வந்தது. பென்சிலை எடுத்து, ‘கொஹெத’வுக்கான பெட்டியில் வசனத்தை வேண்டுமென்றே வேறுவிதமாக எழுதினாள். கம்பியூட்டர் வகுப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டு வைத்தியரிடம் போகிறேன் என்று எழுதினாள். இன்ஸ்பெக்டர் லாச்சியைத் திறந்து சென்றியில் நாகேந்திரம் சொன்னதை எழுதியிருந்த தாளை எடுத்து அவள் தாளுக்குப் பக்கத்தில் வைத்தான். ஒரு விரலால் அந்தப் பெட்டியைத் தட்டினான். அவள் அழித்துத் திருத்தி எழுதினாள்.

தனக்குத் தனக்கென்றால் சுளகும் படக்குப் படக்கென்னுமாம். அவளைப் பழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவள் கீறியது பிழையில்லாத சாட், எல்லா அம்பும் எல்லாப் பெட்டிக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. இன்ஸ்பெக்டர் பார்த்து, நன்றாகக் கீறியிருக்கிறீர்கள் என்று மனதாரச் சொன்னான். அவள் எழும்பும்போதே ஸ்டேசன் ஜெனரேற்றரில் பிரதி எடுக்கிற மெசின் ஓடத் தொடங்கிவிட்டது.

நாகேந்திரத்துக்குக் குதிக்காலை நிலத்தில் ஊன்ற முடியவில்லை. கன்னம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது. தாஸிமும் அவளும் தாங்கிப் பிடித்துத் திரீவீலரில் ஏற்றினார்கள். கொஞ்சத்தூரம் போனதும், என்னவென்று சொல்லி விட்டார்கள் என்று கேட்டான். அவள் சொன்னாள். முழுவதையும் சொன்னாள். அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மலர்,” என்றான். “மற்ற ஆக்கள்?”

அவள் டிறைவரிடம் வீட்டுக்கு வேண்டாம், சென்ரருக்கு விடு என்றாள்.

பின்னேர வகுப்புக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். நாகேந்திரத்தைக் கண்டதும் ஆளாளுக்கு ஓடிவந்து, கடவுளே என்று கையைப் பிடித்தார்கள். ஒருத்தி அழுதாள். அந்தச் சந்தோசத்தை நேசமலரால் பார்க்க முடியவில்லை. பலகைக்கு முன்னால் போய் நின்று, சென்றிப் பாடத்தை இப்போதே மறந்துவிடுங்கள், ஒரு சொல்லும் வாயில் வரக்கூடாது என்றாள். பொலிசுக்குத் தெரிந்துவிட்டது என்றாள். யார் சொல்லித் தெரிந்தது என்ற இடத்தை விழுங்கிவிட்டாள்.

“படிக்கிறதுக்குத்தான் வழி காட்டினனீங்கள், ரீச்சர்,” என்றார் சரோஜினிதேவி. “மறக்கிறதுக்கு என்ன செய்ய?”

வாயில் வருகிறதைச் சொல்லுங்கள் என்றாள். சந்தைக்கு என்று சொல்லுங்கள், கடற்கரைக்கு என்று சொல்லுங்கள், ஆளுக்கொன்றைச் சொல்லுங்கள். பிறகு டஸ்டரை எடுத்துக் கொஹெத யன்னே என்று கேட்டாள். சரோஜினிதேவி வாயைத் திறந்தார். கொம்பியூட்டர் பந்தியட்ட யனவா சேர் என்று வந்தது. அவரே தன் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்தவரிடம் கேட்டாள், அதுவே வந்தது. அதற்கடுத்தவர் யோசித்து யோசித்து நின்றுவிட்டு, கடைசியில் அதையே சொன்னார். நேசமலர் இவ்வளவு நாளும் இல்லாதபடி சத்தம் போட்டாள். வேறையைச் சொல்லுங்கோ, வேறையைச் சொல்லுங்கோ என்று கத்தினாள். தலை நரைத்த சனம் அடி வாங்கிய பிள்ளைகள் மாதிரி அவளைப் பார்த்தது. நாகேந்திரம் வாங்கில் காலை நீட்டியபடி இருந்தான்.

அப்போதுதான் கனகசபாபதியின் இடம் வெறுமையாக இருப்பது அவளுக்குத் தெரிந்தது. காலையிலேயே கொட்டாஞ்சேனைக்குக் கோயிலுக்குப் போனவர், வின்சன்றோடு சேர்ந்து பின்னேர பஸ்ஸில் வருவாராம் என்றார்கள். அவர் வருகிற வழியில் கொள்ளுப்பிட்டிச் சென்றி இருந்தது. தாஸிம் படிகளில் பாய்ந்து இறங்கித் தன்னுடைய மோட்டார் சைக்கிளை உதைத்தார். நேசமலர் யன்னலடியில் நின்று காலி வீதியைப் பார்த்தாள். பஸ்கள் வந்தன, ஆட்கள் இறங்கினார்கள், வேட்டி கட்டின ஒவ்வொருவரும் அவராக இருக்கக்கூடாதா என்று அவள் நேர்ந்தாள். பிள்ளையாருக்கு நேர்ந்தாள், முருகனுக்கு நேர்ந்தாள், வின்சன்றின் அந்தோனியாருக்கும் நேர்ந்தாள். கேட்கிற கடவுள் எதுவோ அதுக்கு.

வகுப்பு ஒவ்வொருவராகக் கலைந்தது. வீட்டுக்குப் போகச் சென்றியைக் கடக்கத் தேவையில்லாதவர்கள் போனார்கள், மற்றவர்கள் கீழே துணிக்கடையில் போய் ஒதுங்கிக்கொண்டார்கள். வெயில் தாழ்ந்து கடல் பக்கமிருந்து காற்று வரத் தொடங்கியும் தாஸிம் திரும்பவில்லை, அப்போது படியில் மெதுவான காலடி கேட்டது. கனகசபாபதியின் மனைவி இரத்தினம்மா. லொட்ஜை விட்டு வெளியே வராத மனுசி, வகுப்பு மாடிக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக ஏறினார். முகத்தில் அழுகை இல்லை. விளங்காத ஒரு கணக்கைக் கேட்க வந்த ஆளின் முகம் அது.

“இவரைப் பிடிச்சிட்டாங்களாம், ரீச்சர்,” என்றார். “வின்சன்ற் தம்பி ஓடிவந்து சொன்னது. பின்னாலை நிண்டு தன்ரை காதாலை கேட்டவராம். இவர் ஒரு சொல்லும் தடக்காமல், நீங்கள் பழக்கின மாதிரியே சொன்னவராம். தம்பிக்குப் பயத்திலை பதில் மறந்துபோச்சாம், அந்தப் பிள்ளையை விட்டிட்டாங்கள். சரியாச் சொன்னவரை ஏன் ஏத்தினவங்கள்?”

நேசமலர் பொய் சொல்ல நினைத்தாள். அதற்கும் வாய் வரவில்லை. நாகேந்திரம் வாங்கிலிருந்து எழும்ப முயன்று, முடியாமல் திரும்ப இருந்தான்.

“அந்தச் சாட்டை நான்தான் அவங்களுக்குக் கீறிக் குடுத்தனான், அன்ரி,” என்றாள். “இவரை விடுவிக்கிறதுக்காகக் குடுத்தனான். காலமை என்ரை கையாலைதான் குடுத்தனான்.”

அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நேசமலர் நின்றாள். அடித்தால் நல்லது என்றுகூட இருந்தது. இரத்தினம்மா அவளையே பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. அந்தத் தெளிவைக் கண்டபோது நேசமலருக்கு உயிர் போவது போலிருந்தது.

“அப்ப விடை அவங்களின்ரை கையிலையும் இருக்கே,” என்றார் இரத்தினம்மா. “அப்ப ஒத்துப் பாத்துச் சரி போட்டு விட்டிருப்பினமே, ரீச்சர். பாக்காமல் பிடிச்சிருப்பாங்கள். எழும்புங்கோ, ஒருக்காப் போய்ச் சொல்லுவம், இவர் எல்லாம் சரியாத்தான் சொன்னவர் எண்டு.”

சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி அவர் முன்னால் படியிறங்கத் தொடங்கினார்.